வாங்கில் இருந்து கேட்கும் ஆச்சிமார்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் சுகநலம் என்றதும் காய்ச்சல், வயிற்றோட்டம், சத்துக்குறைவு என்பனவே எமது நினைவுக்கு வருகின்றன. நித்திரையின்மை, பசியின்மை, வயலை நினைத்து ஓயாமல் யோசித்தல் ஆகியவற்றை நாம் நோயாகக் கணக்கெடுப்பதில்லை.

ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் இதற்கு ஒரு பெயரே உண்டு. சோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பர். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது பொருள். 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, அனுமதியற்றவை எனக் கூறி நகர்ப்புற வீடுகளையும் கடைகளையும் இடித்தது. ஏறத்தாழ 700,000 பேர் இருப்பிடத்தையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறியது. மனநல வைத்தியர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபண்டா. பஸ் கட்டணம் இல்லாமையால் வைத்தியசாலைக்கு வரமுடியாத அவரது நோயாளி ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஏழைகள் வைத்தியரிடம் வரமுடியாவிட்டால் உதவி அவர்களது ஊருக்குப் போகவேண்டும் என அவர் உணர்ந்தார். 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் சுகாதாரத் தொண்டர்களான 14 ஆச்சிமார் மட்டுமே. கட்டடமும் இல்லை. சிகிச்சை நிலையத்தின் வெளியே மரவாங்கு ஒன்று போடப்பட்டது.

'மனநல வாங்கு' என்றால் எவரும் வந்து இருக்கமாட்டார்கள் என்று ஆச்சிமார் சொன்னார்கள். அதனால் அது 'நட்பு வாங்கு' ஆயிற்று. வைத்தியரின் சொற்களுக்குப் பதிலாக ஊரின் சொற்களையும் அவர்களே கொடுத்தார்கள்.

நடைமுறை எளிது. வருபவர் முதலில் சோனா மொழியிலான 14 கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பின்பு ஆச்சியிடம் மனந்திறந்து பேசுகிறார். காணி, கடன், பிள்ளையின் படிப்பு என்று எல்லாம் ஒன்றாக அழுத்தும்போது, ஒன்றைத் தெரிவு செய்யும்படி ஆச்சி கேட்கிறார். கடனைத் தெரிந்தால், அந்த வாரம் யாரிடம் போய்த் தவணை கேட்பது என்பதை வந்தவரே தீர்மானிக்கிறார். அடுத்த முறை வந்து நடந்ததைச் சொல்கிறார். ஆறு சந்திப்புகள் வரை இது தொடரலாம். பின்னர், அதே வழியால் வந்தவர்களின் குழுவில் சேர்ந்து, பைகள் பின்னிச் சிறு வருமானமும் தேடலாம்.

இதன் பயனைச் சோதித்தும் பார்த்தார்கள். 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேர் பங்குபற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதங்களின் பின், வழமையான கவனிப்பைச் சற்றுக் கூடுதலாகப் பெற்றவர்களில் ஏறத்தாழ 50 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்குக்கு வந்தவர்களில் அது ஏறத்தாழ 14 வீதமே.

வாங்கு காணியை மீட்டுத் தராது. காணிக்காகக் குரல் கொடுக்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஆனால் மனம் சோர்ந்தவர் மனு எழுதவும் மாட்டார், கூட்டத்துக்கு வரவும் மாட்டார். ஆகவே இரண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

எமது மாதர் சங்கங்களிலும் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த மூத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தெரிவு செய்வோம். சுகாதார ஊழியரிடம் பயிற்சி கேட்போம். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது முதல் விதியாகட்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருவரிடம் தெரிந்தால் அவரைத் தனியே விடாது, உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வோம். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.