மென்றால் பிறக்கும் மருந்து

ப்ராக்கோலியின் பச்சைத் தலையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நெருக்கி அடித்து நிற்கும் அந்தக் குட்டி மணிகள் ஒவ்வொன்றும் விரியாத பூமொட்டு. பறிக்காமல் விட்டால் மஞ்சள் பூவாகிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாமே இதே இனம். கடுகு நெருங்கிய சொந்தம்.

செடியால் புழுவைக் கண்டு ஓட முடியாதே! அதனால் உடம்புக்குள்ளேயே ஓர் ஆயுதத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. குளூக்கோரஃபனின் என்ற பொருள் ஓரிடத்தில். மைரோசினேஸ் என்ற நொதி வேறோரிடத்தில். புழு கடித்தாலோ நாம் மென்றாலோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கும். அப்போதுதான் சல்ஃபரஃபேன் உண்டாகும். அதுவரை செடியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை! பூச்சிகளை விரட்டும் இந்தப் பொருள் நம் உடலில் வேறு வேலை செய்கிறது. நஞ்சுகளை முறிக்கும் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்கும்படி நம் செல்களைத் தூண்டுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலேயின் குழு 1992-இல் ப்ராக்கோலியிலிருந்து சல்ஃபரஃபேனைப் பிரித்தெடுத்தது. 1997-இல் அதே குழு சொன்ன செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று நாள் முளையில், வளர்ந்த ப்ராக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக குளூக்கோரஃபனின் இருக்கிறதாம்! விதை சேர்த்து வைத்த சொத்து முழுவதும் அந்தச் சின்ன முளையிடம் இருக்கிறது. செடி வளர வளர, அது உடலெங்கும் பரவி நீர்த்துப்போகிறது.

ப்ராக்கோலியைச் சாப்பிட்டால் புற்றுநோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதர்களிடம் அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. வைட்டமின் சி, நார்ச்சத்து, வைட்டமின் கே நிறைய உண்டு என்பது உறுதி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள் மட்டும், வைட்டமின் கே அதிகமுள்ள ப்ராக்கோலியைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

முளைகளிடம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று பரவியது. 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள். கடைசியில் பிடிபட்டது முளைவிட்ட வெந்தயம்! விதையின் நுண்ணிய வெடிப்புகளில் கிருமி ஒளிந்திருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. முளைக்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஓரிரு நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். நம் வீட்டில் துணியில் கட்டி வைக்கும் பச்சைப்பயறுக்கும் இதே கதைதான். ஆகவே முளைகளை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் பச்சையாகத் தொடவே வேண்டாம்.

வேகவைத்தால் மைரோசினேஸ் அழிந்துவிடுமே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. முளையில் கிருமி சாவதுதான் முக்கியம், அதில் சமரசம் கூடாது. ஆனால் அந்த நொதியை வெளியிலிருந்து சேர்க்கலாம். கடுகிலும் மைரோசினேஸ் இருக்கிறது. வெந்த ப்ராக்கோலிமீது கடுகுப் பொடியைத் தூவினால் சல்ஃபரஃபேன் கூடுதலாக உண்டாவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தாளித்த கடுகு இதற்கு உதவாது. காய்ந்த எண்ணெயில் வெடிக்கும்போதே அதன் நொதி போய்விடும். வறுக்காத கடுகைப் பொடித்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்தபின் ஒரு சிட்டிகை தூவ வேண்டும்.