ஐந்து டப்பா, பத்து ஓட்டை

'மாடித் தோட்டத்தில் கத்தரி பூத்துக் குலுங்குகிறது, காய்தான் இல்லை. தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தேன் வேண்டுமென்றால் வாங்குங்கள். கத்தரிக்காய்க்காக என்றால் காசு வீண்.

புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் பள்ளியில் செம்பருத்தியை அறுத்தபோதே பார்த்தாயிற்று. செம்பருத்தியில் மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். கத்தரிப்பூ கஞ்சம். அதன் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் ஆளுக்கு இரண்டு பொடி ஓட்டை, அவ்வளவுதான். பவுடர் டப்பாக்கள் ஐந்தைச் சூல்தண்டைச் சுற்றிக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. டப்பாவோ புதிது, தூள் லேசில் இறங்காது. அவசரத்தில் நாம் என்ன செய்வோம்? அடியில் தட்டுவோம். தட்டுவதற்குப் பூச்சிக்குக் கை ஏது?

காய்ந்த மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு இருக்கிறதே (அதுவும் தேனீ இனம்தான்), அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இறக்கையை மடக்கிக்கொண்டு, பறப்பதற்கான மார்புத் தசைகளை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரவிடும். அதிர்வு டப்பாவுக்குள் இறங்கியதும் தூள் துள்ளி, ஓட்டை வழியாக வண்டின் வயிற்றில் பீய்ச்சும். திட்டுத்திட்டாகப் பூசிய பவுடரைத் துடைக்க நேரமில்லாமல் அது அடுத்த பூவுக்கு ஓடும். பக்கத்தில் நின்றால், பறக்கும்போது கேட்டதைவிட உயர்ந்த சுருதியில் ரீங்காரம் கேட்கும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. போதாக்குறைக்கு, கத்தரிப்பூவில் தேனும் கிடையாது.

வரலாறு வேண்டுமென்றால்: பூவின் அமைப்பு பூச்சிக்காகத்தான் என்று ஜெர்மனியின் ஸ்ப்ரெங்கல் 1793-லேயே புத்தகம் எழுதினார். யாரும் மதிக்கவில்லை. பிற்பாடு டார்வின் மதித்தார்.

'இயந்திரத் தேனீ வருகிறது' என்று அவ்வப்போது செய்தி வரும். கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி (அதன் பூவுக்கும் அதிர்வு வேண்டும்) வளர்த்த ஐரோப்பியர்கள் மின்கருவியால் பூங்கொத்துகளை அதிரவைத்துப் பார்த்தவர்கள்தான். 1980-களின் பிற்பகுதியில் அதை வைத்துவிட்டு, இந்த அதிர்வு வித்தை தெரிந்த பம்பிள் தேனீக்களின் கூடுகளை வாங்க ஆரம்பித்தார்கள்.

வாசகிக்கு: கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடியது; காற்று ஆட்டினாலும் ஓரளவு போதும். காற்றில்லாத மூலை என்றால் காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். சுண்டுமுன் பூவைத் திருப்பிப் பாருங்கள். சூல்முடி டப்பாக்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் காய் பிடிக்கும். உள்ளேயே குட்டையாக நின்றுவிட்டால் பெரும்பாலும் உதிரும். அந்தப் பூவுக்காக டானிக் வாங்க வேண்டாம். காய்ந்த மூங்கில் கழி ஒன்றைச் சுவரோரம் சாத்தி வையுங்கள். கருவண்டு குடிவந்தால் வாடகை கேட்காதீர்கள்.