தேனீப் பெட்டிக்கு அளவெடுப்போம்

ஒரு ஏ4 தாளை எடுத்து நடுவில் சரியாக மடியுங்கள். 21 செ.மீ. நீளம், 15 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். நம் ஊர்த் தேனீக்கான மரப்பெட்டியில் மாட்டும் ஒரு சட்டத்தின் உள்ளளவு கிட்டத்தட்ட இதுதான்: 20.6க்கு 14.4 செ.மீ. இந்த அரைத் தாளுக்குள் தேனீ மெழுகால் அடை கட்டி, இரண்டு பக்கமும் அறுகோண அறைகளில் முட்டை, புழு, மகரந்தம், தேன் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். தச்சு வேலையில் ஆசையும், ரம்பம் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரின் துணையும் இருந்தால் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம். அளவு மட்டும் பிசகக் கூடாது.

யாருக்கு வீடு கட்டுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தி.நகரிலோ மயிலாப்பூரிலோ உயரமான கட்டடத்தின் சன்ஷேடுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், அரை வட்டமாகக் கறுத்த அடை ஒன்று தொங்கிப் பார்த்திருப்பீர்கள். அது மலைத்தேனீ. ஒரே ஒரு அடை, அதுவும் திறந்த வெளியில்தான் கட்டும். எவ்வளவு அழகான பெட்டி செய்து வைத்தாலும் உள்ளே வராது. அடையாறு பக்கம் வேலியோரப் புதர்க்கிளையில் சின்னதாக அடை கட்டும் கொம்புத்தேனீயும் அப்படித்தான். மலைத்தேனீ அடையின் மேல் கல்லெறியும் ஆசை வேண்டவே வேண்டாம். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது, ‘எதிரி இங்கே இருக்கிறான்’ என்ற தகவல். அந்த வாசனையில் உள்ள முக்கியமான வேதிப்பொருள் வாழைப்பழ வாசனையிலும் உண்டு. தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரிக்காதீர்கள்!

மரப்பொந்து, சுவர்ப்பொந்து என்று இருட்டில் குடியிருக்கும் தேனீக்கள்தான் பெட்டிக்கு வரும். அப்படிச் சென்னையில் இருப்பவை இரண்டு. பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ ஒன்று. கொட்டவே தெரியாத குட்டிக் கொசுத்தேனீ இன்னொன்று.

இந்தியத் தேனீயின் பெட்டியைப் பார்ப்போம். பழைய காலத்தில் பானையிலோ குடைந்த மரத்துண்டிலோதான் தேனீ வளர்த்தார்கள். அடை சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தேன் வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். புழுக்கள் நசுங்கும், வீடும் பாழாகும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851இல் ஒன்றைக் கவனித்தார். இரண்டு தேனீக்கள் தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அந்த அளவில் சந்து விட்டால் தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்கிறது. அடைப்பதும் இல்லை, அதில் அடை கட்டுவதும் இல்லை. சந்து அதைவிடக் குறுகினால் பிசின் பூசி மூடிவிடும். அகன்றால், ‘இடம் வீணாகிறதே’ என்று குறுக்கே அடை கட்டிவிடும். அவருடைய தேனீக்கு அந்த அளவு சுமார் 9 மில்லிமீட்டர். சட்டங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் அந்த இடைவெளியை விட்டதும், அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவுவது போல ஒவ்வோர் அடையையும் தனியாக வெளியே எடுக்க முடிந்தது. 1852இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அந்தப் பெட்டி அப்படியே நமக்குச் சரிப்படாது. அவருடைய சட்டம் சுமார் 45 செ.மீ. நீளம், 23 செ.மீ. உயரம். நம் தேனீ உருவத்திலும் சிறியது, கூட்டத்திலும் சிறியது. அவ்வளவு பெரிய வீட்டில் அது திணறிப்போகும். நியூட்டன் என்ற சேசு சபைப் பாதிரியார் (ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவர் இல்லை, இவர் வேறு!) அதே தத்துவத்தை வைத்து நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தார். இன்றும் தமிழ்நாட்டில் அது ‘நியூட்டன் பெட்டி’தான். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வரிசை வரிசையாகத் தேனீப் பெட்டிகளைப் பார்க்கலாம். ரப்பர் மரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே தேனீ மதுரத்தைப் பூவில் எடுப்பதைவிட இளம் இலைக்காம்பில் எடுப்பதுதான் அதிகம்.

இப்போது பென்சிலை எடுங்கள். நியூட்டன் பெட்டியின் கீழறை, அதாவது முட்டையும் புழுவும் இருக்கும் அறை, உள்ளே 24 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். அதில் 7 சட்டங்கள் தொங்கும். ஒவ்வொரு சட்டத்தின் மேற்கட்டையும் 2.2 செ.மீ. அகலம். ஏழுக்கும் சேர்த்து 15.4. அகலத்தில் மிச்சம் 5.6 செ.மீ. இடைவெளிகள் எத்தனை? 7 என்று சொன்னவர்கள் இன்னொரு முறை எண்ணுங்கள். ஓரச் சுவர் இரண்டையும் சேர்த்தால் 8. இப்போது 5.6ஐ 8 ஆல் வகுத்துப் பாருங்கள். 7 மில்லிமீட்டர்! நம் தேனீயின் நடைபாதை அகலம் இதுதான். மரம் அறுக்கும்போது இங்கே ஒரு மில்லி, அங்கே ஒரு மில்லி தாராளம் காட்டினால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

அதனால்தான் காய்ந்த மரம் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம். பச்சை மரம் காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். 7 மில்லி இடைவெளி ஒரு மூலையில் 4 ஆகும், இன்னொரு மூலையில் 10 ஆகும். கடற்கரை ஊரான சென்னையில் ஐப்பசி மழைக்கு மரம் ஊதுவதும் உண்டு. பழைய வீட்டை இடித்து வந்த தேக்கு ஜன்னல் சட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல வருஷம் காய்ந்த மரம் அது. அதிலுள்ள பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதைச் சுரண்டுவதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். மரக்கடையில் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, இது கரையானுக்கு மருந்து அடிச்ச மரமா?” ஆமாம் என்றால் வேண்டாம். கரையான் மாதிரி தேனீயும் பூச்சிதானே?

சட்டத்துக்கு மெல்லிய ரீப்பர் போதும். பெட்டியின் முன்பலகை, பின்பலகை இரண்டின் மேல்விளிம்பிலும் காடி வெட்டினால், மேற்கட்டையின் இரு நுனிகளும் அதில் உட்கார்ந்து சட்டம் தொங்கும். ஆணி அடிக்கும் முன் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பெட்டி கோணினால் சட்டம் சுவரில் உரசும். அடிப்பலகையின் முன்பக்கம் சுமார் 9 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரத்தில் வாசல் விடவேண்டும். கீழறைக்கு மேலே, பாதி உயரத்தில் ஒரு தேனறை. அதற்கு மேல் மழைத் தண்ணீர் வழிந்தோடும்படி கூரை. வெளிப்பக்கம் வெளிர் நிறப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே எதுவும் பூசக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோடு சரி.

ஏன் மரம்? தகரத்தில் செய்தால் அளவு இன்னும் துல்லியமாக வருமே? வரும். ஆனால் கத்திரி வெயிலில் உள்ளே அடை உருகிவிடும். தேனீப் புழு நன்றாக வளர 34, 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். மரம் வெப்பத்தைச் சட்டென்று கடத்தாது. வெளியே 40 டிகிரி ஆனால் வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே தெளித்து, சிறகால் விசிறும். தண்ணீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். அவை எவ்வளவுதான் விசிறினாலும் பெட்டிக்கு நிழல் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். சென்னையில் அது டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். தண்ணீருக்குப் பதில் பழைய எண்ணெய் ஊற்றுங்கள்.

சரி, தி.நகர் மூன்றாவது மாடி பால்கனியில் இந்தப் பெட்டியை வைக்கலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. இந்தியத் தேனீ கொட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் பால்கனிக்குத் துணி உலர்த்த வருவார். தோட்டம் இருக்கிற வீட்டில், பயிற்சி எடுத்த பெரியவர் இருந்தால் மட்டும் வைக்கலாம்.

பால்கனிக்குப் பொருத்தமானது கொசுத்தேனீ. உடல் 4 மில்லிமீட்டர்தான். ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. இதற்குச் சட்டமும் வேண்டாம், 7 மில்லி கணக்கும் வேண்டாம். மெழுகோடு மரப்பிசின் கலந்து குட்டிக் குட்டிப் பானை செய்து அதில் தேன் சேர்க்கும். உள்ளளவு 20, 10, 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டி போதும். பெருக்கிப் பாருங்கள், சரியாக 2 லிட்டர். ஒரு சென்டிமீட்டரில் ஓர் ஓட்டை வாசல். மூடிக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டைப் பொருத்தினால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். துளசி, முருங்கை, தெருவோரப் புங்கை என்று பக்கத்தில் இருப்பவையே அதற்குப் போதும், தூரம் போகாது. கொசு மருந்துப் புகை வண்டி வரும் மாலையில் மட்டும் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். கொசுவைக் கொல்லும் புகை கொசுத்தேனீயையும் கொல்லும்.

தேனீக்கு எங்கே போவது? பழைய வீட்டுச் சுவரில் பிசினால் ஆன சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் கொசுத்தேனீயின் வாசல். சுவரை இடிக்க வேண்டாம். அந்த வாசலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை உங்கள் பெட்டிக்குள் விட்டுச் சுற்றிலும் அடைத்துவிடுங்கள். பெட்டியின் மறுபக்க ஓட்டை மட்டும் திறந்திருக்கட்டும். இனி வெளியே போகவும் உள்ளே வரவும் தேனீ உங்கள் பெட்டி வழியாகத்தான் நடக்க வேண்டும். நடந்து நடந்து, அங்கேயே பானை கட்டத் தொடங்கும். பிறகு முட்டை அறைகளும் வரும். அவை வந்த பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூடியைத் தினமும் திறந்து திறந்து பார்த்தால் இன்னும் கூட ஆகும்.