அம்பாஸிடரைச் செய்த கைகள்

பலாங்கொடையில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்று சொல்லிப் பாருங்கள். உடனே முகம் மலரும். ஹயரிங் கார்களின் காலம் அது. கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டிப்போனதும், பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்து லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கியதும் அப்படிப்பட்ட கார்கள்தான். ஐந்து பேர் ஏற வேண்டிய காரில் எட்டுப் பேர் ஏறினாலும் முனகிக்கொண்டே மலை ஏறிவிடும். அதன் நிறம், நம்பர், சாரதியின் பெயர் எல்லாமே பலருக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன.

அந்தக் காரைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. தேநீர் குடிப்பவருக்குக் கொழுந்து பறித்தவளின் முகம் தெரியாததைப் போலத்தான் இதுவும். நாம் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள். இந்த மறதியின் வலி மற்றவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஒரு கார் ஆலையின் பழைய தொழிலாளர்களை இந்தப் பக்கத்தில் நினைவுகூர்வது பொருத்தமானதே.

ஒக்ஸ்போர்டிலிருந்து வங்காளத்துக்கு

மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார் பிறந்த இடம் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரத்தை ஒட்டிய கௌலி. 1956இல் அங்கே வெளிவந்த மூன்றாம் வரிசைக் கார் 1959இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதே கார் வேறொரு பெயரில், வேறொரு நாட்டில், மேலும் 55 வருடங்கள் உயிர் வாழ்ந்தது. அந்தப் பெயர்தான் அம்பாஸிடர்.

இந்தியாவின் பிர்லா குடும்பத்தினர் 1942இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பனியைத் தொடங்கினார்கள். முதலில் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் கார்களைப் பொருத்தி வந்த கம்பனி, 1948இல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாடாவுக்கு இடம் மாறியது. கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, ஹூக்ளி நதியோரம் உள்ள ஊர் அது. 1957இல் அங்கிருந்து முதலாவது அம்பாஸிடர் வெளியே வந்தது.

பல நாடுகளில் கார்த் தொழிற்சாலை என்றால், பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களைப் பொருத்தும் இடமாகத்தான் அக்காலத்தில் இருந்தது. உத்தர்பாடா அப்படிப்பட்டதல்ல. இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் பட்டறை, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்கும் பட்டறை, தகட்டை அழுத்திக் கதவும் பொனட்டும் செய்யும் ராட்சத இயந்திரங்கள், என்ஜின் பகுதி, வெல்டிங், பெயின்ட் என்று எல்லாமே ஒரே வளவுக்குள் இருந்தன. உருகிய இரும்பாக ஒரு பக்கம் தொடங்கும் வேலை, மறுபக்கம் ஓடும் காராக முடியும்.

இத்தனைக்கும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. வங்காளிகளோடு பீஹார், உத்தரப் பிரதேசம், ஒரிஸா ஆகிய இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தனர். ஆலையைச் சுற்றி குவார்ட்டர்ஸ் எழும்பியது, பாடசாலை வந்தது, கடைத்தெரு வந்தது. ஹௌராவிலிருந்து போகும் ரயில் பாதையில் உத்தர்பாடாவுக்கும் கொன்னகருக்கும் இடையில் ஒரு நிலையத்துக்கே ‘ஹிந்த் மோட்டார்’ என்று பெயர். ஊரே ஆலையின் பெயரைச் சுமந்தது. ஆலைச் சங்கு ஊதினால் அந்த ஊர் விழிக்கும். தோட்டத்துப் பெரட்டுக்கு மணி அடிக்கும்போது விழித்துப் பழகிய நமக்கு அந்த வாழ்க்கை புரியாததா என்ன!

மெல்ல மெல்ல இறங்கிய விலைமதிப்பு

ஒரு காலத்தில் இந்தியாவில் அம்பாஸிடர் வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மந்திரிமாருக்கும் அதிகாரிகளுக்கும் அதே கார்தான். கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸியும் அதே கார்தான். 1980களின் நடுப்பகுதியில் வருடத்துக்கு 24,000க்கும் மேல் விற்பனையானது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்னக் கார், விலை குறைவு, பெற்றோல் செலவும் குறைவு. 1991க்குப் பின் இந்தியப் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது வெளிநாட்டுக் கம்பனிகளும் வந்து குவிந்தன. அம்பாஸிடரில் என்ஜின் மாறியது. முன்பக்கத்து வலையும் விளக்கும் மாறின. உடல் மட்டும் 1950களின் உடலாகவே இருந்தது. 2013-14 நிதியாண்டில் விற்பனை சுமார் 2,200ஆகச் சுருங்கிவிட்டது.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். புதிய மாதிரிக் கார் செய்வதா, பழையதையே தொடர்வதா, இலாபத்தை எங்கே முதலிடுவது என்ற முடிவுகளில் எதுவும் பட்டறையில் எடுக்கப்படவில்லை. சுத்தியல் பிடித்தவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனால் அந்த முடிவுகளின் கணக்கைக் கடைசியில் தீர்த்தவன் அவன்தான்.

வேலையும் இல்லை, விலகலும் இல்லை

2014 மே 24ஆம் திகதி காலை வேலைக்கு வந்தவர்கள் ஆலை வாசலில் ஓர் அறிவித்தலைக் கண்டார்கள். ‘வேலை இடைநிறுத்தம்’ என்பது அதன் சாரம். அப்போது அங்கே 2,000க்கும் அதிகமானோர் பணியில் இருந்தனர். அதற்கு முன்பே பல மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது.

‘மூடுதல்’ வேறு, ‘இடைநிறுத்தம்’ வேறு. இதை விளங்கிக்கொண்டால்தான் அந்தத் தொழிலாளர்களின் வேதனை விளங்கும். அப்போதிருந்த இந்தியச் சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்து மூடினால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம் நட்டஈடு கொடுக்க வேண்டும். இடைநிறுத்தம் என்று எழுதி ஒட்டினாலோ ஆலை ஏட்டளவில் உயிரோடு இருக்கிறது. தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டவனும் அல்ல, வேலையில் இருப்பவனும் அல்ல. கணவர் எங்கிருக்கிறார் என்று தெரியாத பெண், இத்தா இருக்கவும் முடியாமல் மறுமணம் செய்யவும் முடியாமல் தவிப்பதைப் போன்ற நிலை அது.

சிலர் சுயவிருப்ப ஓய்வு என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு விலகினார்கள். சிலர் சொந்தக் கிராமத்துக்கே திரும்பினார்கள். சிலர் குவார்ட்டர்ஸிலேயே காத்திருந்தார்கள். வார்ப்புப் பட்டறையில் முப்பது வருடம் நின்ற ஒருவருக்குத் தெரிந்த வேலை வார்ப்பு வேலைதான். ஐம்பது வயதில் அவர் எந்தக் கதவைப் போய்த் தட்டுவார்?

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது. 2017இல் ‘அம்பாஸிடர்’ என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பேஜோ கம்பனிக்கு 80 கோடி இந்திய ரூபாய்க்கு விற்றார்கள். அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பைத் தேடிக்கொடுத்தவர் யார்? பள்ளம் மேடு பார்க்காமல் ஓடும் கார் என்ற நம்பிக்கையைத் தகடு தகடாக, ஆணி ஆணியாக உண்டாக்கியவர்கள் அந்தத் தொழிலாளர்கள் அல்லவா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வியர்வை உலர்ந்து, ஆலைக் கூரையும் துருப்பிடித்த பிறகும் கூலிக்காகக் காத்திருந்தவர்களின் கதை நம் நெஞ்சைச் சுட வேண்டும்.

சென்னையிலும் ஒரு வாசல்

நம் மொழி பேசும் தொழிலாளர்களுக்கும் இந்த நாள் வந்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் 1990களில் ஃபோர்ட் கம்பனியின் ஆலை எழுந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. 2022 மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் நியாயமான நட்டஈடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். அவ்வருடம் ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது.

அங்கும் கண்ணீர் இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பனி வாயைத் திறந்து ‘மூடுகிறோம்’ என்றது. தொழிற்சங்கம் எதிரே உட்கார்ந்து பேச முடிந்தது. சேவைக்காலத்தைக் கணக்கிட்டுத் தொகை பேசப்பட்டது. முடிவு கசப்பானதாக இருந்தாலும், அது முடிவு என்று தெரிந்தால் மனிதன் அடுத்த அடியை எடுத்து வைப்பான்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் 1970களில், இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், உபாலி விஜேவர்தனவின் கம்பனி மஸ்தா, ஃபியட் கார்களைப் பொருத்தி விற்றது. 1983இல் விமானத்தோடு காணாமற்போன அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கார்களைப் பொருத்திய இளைஞர்களின் பெயர்களோ அவர்களுடைய வீட்டாருக்கு மட்டுமே தெரியும். நம்மைச் சூழவுள்ள தோட்டங்களும் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. நிர்வாகம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் தொழிலாளியின் சேவை விபரம் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போகிறது. வழியில் தொலையவும் கூடும்.

ஆகவே குடும்பத்தில் உள்ள பிள்ளைகள் சில காரியங்களைச் செய்யலாம். வாப்பா, உம்மா, மூத்தவர்கள் எங்கே, எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். அவை ஒழுங்காகப் போகின்றனவா என்று பாருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் நிதியில் பதிந்த பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையால் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் தோட்டப் பகுதியில் ஏராளம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரியது. நம்மவர்கள் ‘சர்விஸ் காசு’ என்பது அதைத்தான்.

பணம் சம்பந்தப்படாத இன்னொரு கடனும் இருக்கிறது. என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று அவர்களிடம் கேளுங்கள். கராஜில் ஸ்பானர் பிடித்த கையானாலும், தேயிலை ஆலையில் ரோலர் ஓட்டிய கையானாலும், கொழுந்து பறித்த கையானாலும் சொல்வதற்கு அதனிடம் கதை இருக்கிறது. கார்களுக்கு நூதனசாலையில் இடம் கிடைத்துவிடும். பழைய காரைத் தேய்த்து மினுக்கி ஊர்வலம் விடவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தவர்களுக்கு நம் ஞாபகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைப்போம்.