அயல்மொழியும் ஓவியமும்

கல்வி என்பது நூற்பொருளை நினைவில் இருத்திக்கொள்ளும் அளவில் நின்றுவிடுவதன்று. கண்ணுக்கும் செவிக்கும் நாவுக்கும் கைக்கும் உரிய கல்வியும் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ஓவியத்தையும் மொழியையும் பழக்கத்தால் கைவருவன என ஓரிடத்தே வைத்து எண்ணுகின்றது. அவ்வெண்ணத்தின் உண்மையை அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் இன்று கண்கூடாகக் காணலாம். அங்குப் பயிலும் மாணவர் பலர், காலையில் ஒரு வகுப்பில் ஸ்பானிய மொழியையும், நண்பகலுக்குப் பின் மற்றொரு வகுப்பில் ஓவியத்தையும் கற்கின்றனர். தொடர்பற்றனபோலத் தோன்றும் இவ்விரு பாடங்களும் மாணவனுக்கு ஒரே நற்பண்பினை ஊட்டுகின்றன. அஃது யாது என்பதும், அவை எவ்வாறு பயிற்றப்பெறுகின்றன என்பதும் அறியத்தக்கன.

பாடத் தெரிவு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் நடைபெறுகின்றது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றோடு தமக்கு விருப்பமான வேறு சில பாடங்களையும் மாணவர் தேர்ந்துகொள்வர். ஆயினும், அத்தெரிவு முற்றும் விருப்பத்தின் வழியே செல்வதன்று. சான்றாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் அம்மாநில மாணவர், உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டுப் பாடங்கள் 15-ஐ முடித்திருத்தல் வேண்டும். அவற்றுள், ஆங்கிலம் அல்லாத மொழி ஒன்றனை இரண்டு ஆண்டுகளும், ஓவியம், இசை, நடனம், நாடகம் முதலிய கலைகளுள் ஒன்றனை ஓராண்டும் கற்றிருத்தல் வேண்டும் என்பது விதி.

மொழிகள் பல இருக்க, மாணவருள் மிகப் பலர் ஸ்பானிய மொழியையே விரும்பி எடுத்துக்கொள்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் 1607-ஆம் ஆண்டில் குடியேறுவதற்கு முன்பே, 1565-ஆம் ஆண்டில், ஸ்பானியர் பிளாரிடாவில் புனித அகஸ்டின் என்னும் நகரை நிறுவினர். 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிகோ நாட்டின் பெரும்பகுதி அமெரிக்காவோடு இணைந்தது. ஆதலின், அந்நாட்டு ஊர்ப்பெயர்களிலேயே ஸ்பானிய மொழி கலந்து கிடக்கின்றது. லாஸ் ஏஞ்சலிஸ் என்பதற்குத் 'தேவதூதர்' என்பதும், நெவாடா என்பதற்குப் 'பனி மூடியது' என்பதும், கொலராடோ என்பதற்குச் 'செந்நிறம் உடையது' என்பதும் பொருள். இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் இம்மொழியை, அமெரிக்காவிலேயே நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் தத்தம் இல்லங்களில் பேசுகின்றனர். எனவே, மாணவன் கற்பது தொலைதூரத்து மொழியை அன்று. அடுத்த வீட்டார் மொழியையே ஆகும்.

நாவின் பயிற்சி

ஸ்பானியம் இலத்தீன் மொழியினின்று பிறந்தது. அதனைக் கற்கத் தொடங்கும் மாணவன் முதலில் திருத்திக்கொள்ள வேண்டுவது நாவினையே. 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். 'பெர்ரோ' என்றால் 'நாய்' என்று பொருள். ரகரத்தை மெல்லத் தொடுவதற்கும் அழுத்தி உருட்டுவதற்கும் உள்ள வேறுபாடே பொருளை மாற்றிவிடுகின்றது. ரகர றகர வேறுபாட்டைத் தமிழ் மாணவர் பயிலும்போது படும் பாட்டினை ஒத்ததே இது. பெயர்ச்சொற்கள் யாவும் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டனுள் அடங்கும். உயிரற்ற பொருள்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. 'மேசா' என்னும் மேசை பெண்பால். 'லிப்ரோ' என்னும் புத்தகம் ஆண்பால். தமிழில் வழங்கும் 'மேசை' என்னும் சொல்லும், ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததேயாகும். பெயருக்கு ஏற்ப அடைமொழியும் வேறுபடும். வெண்மையைக் குறிக்கும் சொல், ஆண்பாற் பெயரோடு 'பிளாங்கோ' எனவும், பெண்பாற் பெயரோடு 'பிளாங்கா' எனவும் வரும்.

வினைச்சொல்லின் அமைப்பு தமிழரை வியக்கவைக்கும். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். தமிழிற்போலவே வினையின் ஈறே எழுவாயைக் காட்டுதலின், 'நான்', 'நாம்' என்பவற்றைத் தனியே கூற வேண்டுவதில்லை. எழுவாயின்றி வாக்கியம் அமைத்துப் பழகாத ஆங்கில மாணவனுக்கு இது புதுமையாக இருக்கின்றது.

இவற்றினும் அரியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'இருத்தல்' என்பதற்கு ஒரு வினையே உளது. ஸ்பானியத்திலோ 'ஸேர்', 'எஸ்தார்' என இரண்டு உள. இயல்பினைக் கூறுதற்கு முன்னதும், நிலையினைக் கூறுதற்குப் பின்னதும் பெரும்பாலும் வழங்கும். 'அபுர்ரிதோ' என்னும் சொல்லோடு 'ஸேர்' சேரின், 'அவன் பிறருக்குச் சலிப்பூட்டுபவன்' என்பது பொருள். 'எஸ்தார்' சேரின், 'அவன் சலிப்புற்றிருக்கின்றான்' என்பது பொருள். ஒரு வினை பிழைபட்டால், தன் சோர்வைச் சொல்லப் புகுந்தவன் தன்னையே பழித்துக்கொண்டவன் ஆவான்!

பசியைக் கூறும் முறையும் இத்தகையதே. ஆங்கிலேயன் தன்னைப் பசித்தவனாக இருப்பவன் என்கின்றான். ஸ்பானியன் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை உடையேன் என்கின்றான். தமிழன் 'எனக்குப் பசிக்கின்றது' என்கின்றான். பசி ஒன்றே, அதனை நோக்கும் நோக்கு மூன்று. தன் தாய்மொழி நோக்கியவாறே உலகம் அமைந்துள்ளது என்று எண்ணியிருந்த மாணவன், அவ்வெண்ணத்தை இங்கே நெகிழ்த்துக்கொள்ளுகின்றான்.

கண்ணின் பயிற்சி

இனி ஓவிய வகுப்பினுட் புகுவோர், அங்கும் இதனையே வேறு உருவிற் காண்பர். மேசைமீது ஒரு கிண்ணம் வைக்கப்பட்டுள்ளது. மாணவன் அதனை வரைய வேண்டும். கிண்ணத்தின் வாய் வட்டம் என்பதனை அவன் அறிவான். ஆதலின், வட்டமாகவே வரைந்துவிடுகின்றான். ஆனால், அவன் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து நோக்கினால் அது வட்டமாகத் தோன்றுவதில்லை. சற்றுத் தட்டையான முட்டை வடிவினதாகவே தோன்றும். அறிந்ததை வரையாது கண்டதை வரைக என்பதே ஓவிய ஆசிரியர் முதன்முதற் கற்பிக்கும் பாடம்.

இப்பாடத்தைக் கைவரச் செய்தற்குப் பல பயிற்சிகள் உள. தாளை நோக்காது பொருளையே நோக்கிக்கொண்டு அதன் புறக்கோட்டினை வரைதல் ஒன்று. நாற்காலியை வரையாது, அதன் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரைதல் மற்றொன்று. வெற்றிடத்திற்குப் பெயர் இல்லை. ஆதலின், 'இஃது இப்படித்தான் இருக்கும்' என்னும் முன்னெண்ணமும் அங்கே குறுக்கிடுவதில்லை. வெற்றிடம் செவ்வையாக அமையின், நாற்காலி தானே தாளில் தோன்றிவிடும். படம் ஒன்றனைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைதல் மூன்றாவது. கலிபோர்னியாவில் ஓவிய ஆசிரியையாக விளங்கிய பெட்டி எட்வர்ட்ஸ் என்பவர், 1979-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இப்பயிற்சியினைப் பரப்பினார். அவர் இதற்கென எடுத்துக்கொண்டது, ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிக்காசோ கோடுகளால் தீட்டிய இசைவாணர் ஸ்திராவின்ஸ்கியின் உருவப்படம். தலைகீழாக இருக்கும்போது மூக்கு, கை என்னும் பெயர்கள் மறைந்து, கோடுகளும் வளைவுகளுமே கண்ணுக்குப் புலனாகின்றன. கண்ணும் பொய்யின்றிக் காணத் தொடங்குகின்றது.

வரைந்த படங்களைச் சுவரில் வரிசையாகப் பொருத்தி, வகுப்பினர் அனைவரும் கூடி ஆராய்தலும் உண்டு. 'நன்று', 'தீது' என்று கூறுமுன், படத்தில் உள்ளது யாது என்பதனைக் கூறவேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் முறை. பிறர் பணியைக் குறைகூறும் உரிமை, அதனை நன்கு நோக்கியவர்க்கே உண்டு என்பதனை மாணவர் இதனால் உணர்கின்றனர்.

மேல்வகுப்பு மாணவர் எழுதும் கல்லூரிநிலைத் தேர்வும் குறிப்பிடத்தக்கது. ஓவியத்திற்கு மூன்று மணி நேரத் தேர்வு இல்லை. ஆண்டு முழுவதும் ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு ஆராய்ந்த ஆராய்ச்சியை 15 படிமங்களாலும், தேர்ந்த திறத்தை 5 படைப்புகளாலும் காட்டுதல் வேண்டும். முடிந்த ஓவியமே அன்றி, முயன்று பார்த்ததும் திருத்தியதும் அங்கே மதிப்புப் பெறுகின்றன.

இரண்டும் கூடுமிடம்

இவ்விரு பாடங்களும் சிலபோது ஒன்றோடொன்று கைகோத்து வருகின்றன. மத்ரித் நகரத்துப் பிராதோ அருங்காட்சியகத்தில், வெலாஸ்கெஸ் என்னும் ஓவியர் 1656-ஆம் ஆண்டில் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' என்னும் ஓவியம் உள்ளது. அதில் இளவரசி மார்கரீத்தா தோழியர் சூழ நிற்கின்றாள். ஓவியரும் தூரிகையுடன் நிற்கின்றார். அரசனும் அரசியும் சுவர்க்கண்ணாடியில் நிழலாகத் தோன்றுகின்றனர். ஸ்பானிய வகுப்பில் இவ்வோவியத்தைக் காட்டி, 'யார் யாரை நோக்குகின்றனர்?' என்று வினவினால், மாணவர் தாம் கற்ற சிறு சொற்களைக் கொண்டே விடை கூறலாம். இதே ஓவியத்தைப் பிக்காசோ 1957-ஆம் ஆண்டில் மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, 58 ஓவியங்கள் கொண்ட வரிசையாகத் தீட்டினார். மூன்று நூற்றாண்டு கடந்த ஓவியத்தை ஒரு பெருங்கலைஞர் மாணவரைப்போல இருந்து பயின்றார் என்பதனை அறியும் ஓவிய மாணவன், மீண்டும் வரைவதனைத் தாழ்வாக எண்ணமாட்டான்.

புறக்கணிப்பால் வந்த கேடு

இத்துணைப் பயனுடைய இப்பாடங்கள் என்றும் மதிக்கப்பட்டன என்று கூறுதற்கில்லை. டெக்சாஸ் மாநிலத்து மார்ஃபா என்னும் சிற்றூரில், மெக்சிக மரபினர் பிள்ளைகளுக்கெனத் தனியே பிளாக்வெல் பள்ளி என்னும் பள்ளி நடைபெற்றது. அங்கே தாய்மொழியாகிய ஸ்பானியத்தைப் பேசிய பிள்ளைகள் அடிபட்டனர். 1954-ஆம் ஆண்டில், 'ஸ்பானியம் பேசமாட்டேன்' என்று பிள்ளைகள் தம் கையாலேயே சீட்டுகளில் எழுதுமாறு செய்யப்பெற்றனர். அச்சீட்டுகளைப் பெட்டியில் இட்டு, பிணத்தைப் புதைப்பதுபோலப் பள்ளி வளாகத்தில் புதைத்தனர். மொழிக்குச் செய்த அச்சடங்கு, அப்பிள்ளைகளின் நெஞ்சில் ஆறாத புண்ணாகப் பல்லாண்டுகள் நின்றது. அப்பள்ளி 1965-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதனை நாட்டு வரலாற்று நினைவிடமாகப் போற்றுதற்கு 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது.

இன்று நிலை மாறியுள்ளது. வீட்டில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளுக்கெனப் பல பள்ளிகள் தனி வகுப்புகள் நடத்துகின்றன. பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத அவர்கள், தம் பாட்டியர் மொழியின் எழுத்தையும் இலக்கணத்தையும் அங்கே பெறுகின்றனர். ஆங்கிலத்தோடு வேறொரு மொழியிலும் புலமை காட்டும் மாணவரின் பள்ளிச் சான்றிதழில் இருமொழிப் புலமை முத்திரை பொறித்தற்குக் கலிபோர்னியா 2011-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. அன்று தண்டனைக்கு உரியதாக இருந்த மொழி, இன்று சிறப்புக்கு உரியதாயிற்று.

ஓவியமும் இடர்ப்பட்டதுண்டு. கலிபோர்னியாவில் 1978-ஆம் ஆண்டில் சொத்துவரி குறைக்கப்பட்டபின், பொருள் முடையால் பள்ளிகள் பல முதலிற் கைவிட்டவற்றுள் கலை வகுப்புகளும் அடங்கும். 2022-ஆம் ஆண்டில் அம்மாநில மக்கள் வாக்களித்து, பள்ளிகளுக்கு அரசு வழங்கும் பொருளில் நூற்றுக்கு ஒன்றன் அளவு கலைக்கல்விக்கெனத் தனியே கிடைக்குமாறு செய்தனர். இழந்ததை மீட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பயன்

ஸ்பானியம் கற்றோர் அனைவரும் அம்மொழிப் புலவர் ஆவதில்லை. ஓவியம் பயின்றோர் அனைவரும் ஓவியர் ஆவதில்லை. ஆயினும், அவர்தம் உழைப்பு வீணன்று. தாம் முன்னரே அறிந்ததைச் சற்று ஒதுக்கிவைத்து, எதிரே இருப்பதனை உள்ளவாறு நோக்கும் பண்பினை இவ்விரு பாடங்களும் வளர்க்கின்றன. அயலான் சொல்லை அவன் கருதிய பொருளிலேயே கேட்கும் செவியும், கிண்ணத்தின் வாயை அது தோன்றும் வடிவிலேயே காணும் கண்ணும் ஒருவனுக்கு வாய்க்குமாயின், பிறரைப் பற்றி ஆராயாது முடிவு கட்டும் குற்றம் அவன்பால் குறையும். மார்ஃபாவில் பெட்டிக்குள் புதைக்கப்பட்டது மொழி மட்டுமன்று. பிறரை உள்ளவாறு நோக்கும் அப்பண்புமாகும். அதனை மீண்டும் பிள்ளைகளின் நாவிலும் கையிலும் வளர்ப்பதே இவ்வகுப்புகள் ஆற்றும் தொண்டு.