5-வது மாத ஸ்கேனில் 'உதட்டுப் பிளவு' என்று வந்தால்... அடுத்து என்ன செய்யணும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'உதட்டுப் பிளவு' என்று ஒரே ஒரு வரி. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. விடிந்ததும் "கிரகணத்துல வெளியே போனியா?" என்ற விசாரணை ஆரம்பித்துவிடும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கருவில் முகத்தின் திசுக்கள் இரு பக்கமும் வளர்ந்து வந்து ஒன்றோடொன்று சேர வேண்டும். உதடு உருவாவது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களில், வாயின் மேல் அண்ணம் 6 முதல் 9 வாரங்களில். சரியாகச் சேராமல் போனால் அந்த இடத்தில் பிளவு நிற்கும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே உறுதியாகி இருக்காது, இதில் அம்மாவை எப்படிக் குறை சொல்வது? மரபணு, புகைப்பழக்கம், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டலாம். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரிடம் கேளுங்கள்.

பெரும்பாலும் 18 - 22 வாரங்களில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில்தான் இது தெரிகிறது. மூக்கு நுனி, இரண்டு நாசித் துவாரம், மேலுதடு ஆகியவற்றை நேராகப் பார்ப்பார்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கையால் மறைத்தாலோ மறுபடி வரச் சொல்வார்கள்.

அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். எலும்பின் நிழலும் நாக்கும் மறைத்துவிடும். எனவே ஸ்கேன் நார்மல் என்றாலும், பிறந்ததும் குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பிளவு தெரிந்தால் அடுத்த கேள்வி, வேறு குறை இருக்கிறதா என்பதுதான். இதயம், மூளையை விரிவாகப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் உண்டு. உதட்டுப் பிளவு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. பொதுவாக உதட்டுக்கு 3 - 6 மாதத்திலும், அண்ணத்துக்கு 9 - 18 மாதத்திலும் அறுவை சிகிச்சை நடக்கும். பிறகு பேச்சுப் பயிற்சி, காது, பல் கவனிப்பு என்று சில வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். மத்திய அரசின் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே-வில் இந்தச் சிகிச்சை இலவசம்.

முன்கூட்டியே தெரிவதால் பெரிய லாபம், பால் கொடுக்கத் தயாராகலாம். அண்ணப் பிளவு உள்ள குழந்தையால் இழுத்துக் குடிக்க முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, நம்ம வீட்டுப் பாலாடையிலோ இதற்கென்றே உள்ள பாட்டிலிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். இதைப் பிரசவத்துக்கு முன்பே நர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.