ஏட்டு வழக்கும் வீட்டு வழக்கும்



பிறமொழி கற்கப் புகுவோர் முதலில் நாடுவது அகராதியையும் இலக்கண நூலையுமே. சீன எழுத்துமொழியை நூல்வழி நன்கு கற்ற ஒருவர், ஹொங்கொங் நகரத்துத் தேநீர்க்கடையிற் புகுந்து அவ்வாறே பேசினால், கடைக்காரர் வியந்து நோக்குவார். அங்கே ஏட்டு வழக்கு வேறு. பேச்சு வழக்கு வேறு.

ஹொங்கொங், மக்காவோ, குவாங்சோ ஆகிய இடங்களில் வழங்கும் சீனமொழி வகை கன்ரனீஸ் ஆகும். ஹொங்கொங்கின் பாடநூல்களோ மண்டரின் பேச்சை அடியாகக் கொண்ட பொது எழுத்துமொழியில் அமைந்தவை. அவ்வெழுத்தைக் கன்ரனீஸ் ஒலிப்பில் வாசிப்பது அங்குள்ள பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். உண்ணுதலைக் குறிக்க ஏட்டில் 'ஹெக்' என வாசிக்கும் சிறுவன், தாயிடம் 'ஸிக்' என்றே சொல்கிறான். 'அன்று' என மறுப்பதற்கு ஏட்டிலே 'பத் ஸீ'. வீட்டிலே 'ம் ஹை'. வீட்டுச் சொல்லைக் கட்டுரையில் எழுதினால், ஆசிரியர் திருத்திவிடுவார். வகுப்பறையில் எழுத்துத் தமிழும் வீட்டில் வேறு தமிழும் வழங்கும் நமக்கு இந்நிலை புதியதன்று.

ஆயின், பேச்சு வழக்கு ஒழுங்கற்றது எனக் கருதுதல் தவறு. அதற்கும் நுட்பமான வரம்புகள் உள. நன்றி கூறுதற்கே இரு சொற்களைக் காண்கிறோம். தேநீர் கொணர்ந்து வைத்தவருக்கு 'ம்கோய்' என்பர். பரிசளித்தவருக்கு 'தோஜே' என்பர். ஒன்றன் இடத்தில் மற்றதைச் சொல்லுதல் பொருந்தாது.

மரியாதைக்கும் வரம்பு உண்டு. அறிமுகமற்றவரின் குடும்பப்பெயரைப் பணிவுடன் வினவுவோர் 'குவை ஸிங்' என்பர். 'குவை' என்பது 'மேன்மை பொருந்திய' எனப் பொருள்படும். விடையளிப்பவர் அம்மதிப்புச் சொல்லை நீக்கியே தம் பெயரைக் கூறவேண்டும். தம்மைத் தாமே உயர்த்துதல் பண்பன்று அல்லவா?

ஆதலால், கற்போர் ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு மட்டுமன்றி, யாரிடம், எவ்விடத்திற் சொல்வது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஏட்டை மட்டும் கற்றவர் மக்களோடு நெருங்கிப் பழகார்; பேச்சை மட்டும் கற்றவர் செய்தித்தாளைப் படித்தறியார்.

கற்பிப்போருக்கும் ஒரு கடமை உண்டு. மாணவன் கட்டுரையிற் பேச்சுச் சொல்லைக் கீறித் திருத்தும்போது, "சொல் பிழையன்று, இடமே பிழை" என எடுத்துரைத்தல் வேண்டும். தாயிடம் கற்ற சொல்லுக்கு எந்தப் பிள்ளையும் நாணுதல் ஆகாது.